வெடி போடாத நாளில் ஆடிய ஊர்

நிலநடுக்கத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதற்காக ஜப்பானிலிருந்து ஒரு ஆளைத் தென்காசிப் பக்கம் வரவழைத்தார்கள் என்றால், யாரோ பெரிய விஞ்ஞானி என்று நினைப்பீர்கள். வந்தது நான். டோக்கியோவுக்கு வெளியே ஒரு மீன் கிடங்கில் கணக்கு எழுதுகிறவன். நிலநடுக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மேசைக்கு அடியில் புகுந்துகொள்ள வேண்டும் என்பதுதான். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு அதுவும் பாதிதான் முடிகிறது.

கூப்பிட்டது என் தங்கை செல்வி. எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அவளைக் கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அவள் கணவர் சுடலைமுத்து, ஊருக்குப் பின்னால் இருக்கும் கல்குவாரியில் மேஸ்திரி. பாறையில் குழி போட்டு மருந்து வைக்கும் ஆட்களை மேய்க்கிற வேலை. அதிர்ந்து பேசாத மனிதர். கல்யாணமான புதிதில், இவர் எப்படி வெடி வைக்கிறார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு நாள் முற்பகலில் அந்தப் பக்கமெல்லாம் நிலம் ஆடியிருக்கிறது. சற்று நேரத்தில் மறுபடியும் ஆடியிருக்கிறது. "லேசான நில அதிர்வு, சேதம் எதுவும் இல்லை" என்று செய்தியில் இரண்டு வரி வந்தது. ஊர்க்காரர்கள் நம்பவில்லை. குவாரிக்காரன் எச்சரிக்கைச் சங்கு ஊதாமல் பெரிய வெடியாக இரண்டு வைத்துவிட்டு நிலநடுக்கம் என்று கதை கட்டுகிறான் என்று லாரிகளை மறித்துவிட்டார்கள். குவாரி நின்றுவிட்டது. செல்வி வீட்டோடு யாரும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. சுடலைமுத்து குற்றாலத்தில் ஏதோ வேலை என்று போனவர் வீடு திரும்பவே இல்லை.

"அண்ணே, நீ வந்து நெலநடுக்கந்தான்னு சொன்னா கேப்பாங்க. உங்க ஊர்லதான் தெனமும் ஆடுதுல்லா" என்று போனில் அழுதாள். தினமும் ஆடாது என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. கிடங்கில் லீவு கேட்டபோது காரணம் சொன்னேன். இந்தியாவில் நிலநடுக்கம் என்று ஒரு ஜப்பான்காரனிடம் சொன்னால் அவன் முகத்தில் வருகிற மரியாதை வேறு எதற்கும் வராது. உடனே அனுப்பிவிட்டான்.

தென்காசியில் இறங்கியபோது விடிந்திருந்தது, ஆனால் வெளிச்சம் வரவில்லை. மலை முழுக்க மேகம். சாரல் காலம் முடிந்தும் முடியாத நாட்கள். ஈரமும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் வானம் சோம்பிக்கிடந்தது. பேருந்து நிலையத்துக்கு வெளியே இட்லி தின்றேன். சட்னி காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. இத்தனை வருடம் கழித்து நல்ல சட்னியைத் தின்கிறவனுக்கு வரவேண்டிய சந்தோஷம் வரவில்லை, தங்கை முகம்தான் வந்தது.

கடையம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினேன். பாதி வழியில் பின்சக்கரம் பஞ்சர். எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். நிற்கிற இடத்தில் பேச்சு வராமல் இருக்குமா? அது நேராக நிலநடுக்கத்துக்குத்தான் போனது. ஆடினது தனக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் யாரோ கட்டிலை இழுக்கிறார்கள் என்று திட்டினதாக ஒருவர் சொன்னார். முந்தின நாளே பாம்பெல்லாம் புற்றைவிட்டு வந்துவிட்டது என்றாள் ஒரு பூக்காரி. குற்றாலத் தண்ணீர் அன்றைக்கு வெந்நீராக விழுந்ததாம், அவள் கொழுந்தன் குளித்தானாம். அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்த மகள் அங்கேயும் ஆடியதாகப் போன் செய்தாள் என்று ஒரு அம்மா சொன்னார். நடத்துநர், இந்த வண்டியில் தினமும் போகிறவனுக்குப் பூமி ஆடினால் எப்படித் தெரியும் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜப்பானிலிருந்து வருகிறேன் என்று வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பஞ்சர் ஒட்டி முடியும் வரை பாடம் நடத்தியிருக்க வேண்டும்.

ஊருக்குள் நுழைந்ததும் செல்வி சொன்னது புரிந்தது. வேற்றாள் ஒருவன் பெட்டியோடு தெருவில் போனால், யாரு, எங்கனயிருந்து வாறிய என்று நாலு பேர் கேட்கிற ஊர் அது. ஒருவரும் கேட்கவில்லை. இன்னார் வீட்டுக்குப் போகிறான் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பெண் நான் கடக்கும் வரை தலை நிமிரவில்லை.

செல்வி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து வைத்திருந்தாள். பாதி தின்னும்போது சட்டென்று அடுப்பை அணைத்தாள். "வா அண்ணே, வெளிய வா" என்றாள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனேன். தெரு முழுக்க ஆட்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்து நிற்கிறார்கள். நோயாளி ஒருவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். தொட்டில் பிள்ளைகள் இடுப்பில். எல்லோரும் மேற்கே குவாரி இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏதாவது ஊர்வலமா, இழவா என்று செல்வியைக் கேட்டேன்.

வெடி நேரமாம். குவாரிதான் மூடியிருக்கிறதே என்றேன். மூடித்தான் இருக்கிறது, ஆனால் இந்த நேரத்துக்கு வீட்டுக்குள் இருக்கக் கால் நிற்காது என்றாள்.

அப்புறம்தான் முழுக்கதையும் சொன்னாள். வெடி அதிர்ச்சியில் ஊரிலுள்ள சுவரெல்லாம் விரிசல் விட்டபோது, பஞ்சாயத்தில் பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வெடி போடுமுன் குவாரியில் சங்கு ஊத வேண்டும். சங்கு கேட்டால் ஊர் மொத்தமும் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிடும். வெடி முடிந்ததும் ஒருவர் ஊர் எல்லையில் ஓடைப் பாலத்தில் நின்று இரண்டு நீள விசில் அடிக்க வேண்டும். அதன்பிறகுதான் உள்ளே போவார்கள். அந்த ஒருவர் கம்பெனி அனுப்பும் வெளியூர் ஆளாக இருக்கக்கூடாது, நம்ம ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது சுடலைமுத்துவை. அவர் அடித்தால்தான் அடுப்பில் மறுபடி தீ வைப்போம் என்று செல்வி சொன்னபோது அவள் குரலில் அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமை இருந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். சங்கு ஊதவில்லை. திடீரென்று உறுமல் மாதிரி ஒரு சத்தம், தரை ஆடியது, ஓடு சரிந்தது. எல்லோரும் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். டீக்கடையில் இருந்த சுடலைமுத்துவும் ஓடி வந்தார். பாலத்தில் ஏறி விசில் அடித்தார். உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது முறை ஆடியது. அடுத்த தெருவில் பேச்சியம்மாள் என்று ஒரு பெண். புருஷன் சவுதியில் டிரைவர். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள், ஏழாம் மாதம். பரணிலிருந்த பித்தளைப் பானைகள் முன்னால் விழ, பயந்து திரும்பி ஓடியவள் நிலைப்படியில் வயிறு அடிபட விழுந்தாள். தென்காசிக்குக் கொண்டு போனார்கள். தாய் பிழைத்தது. பிள்ளை இல்லை.

சேதம் எதுவும் இல்லை என்ற அந்த இரண்டு வரிச் செய்தியை நான் கிடங்கில் டீ குடித்துக்கொண்டே படித்திருந்தேன்.

தெருவில் நின்றவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். வெடியும் இல்லை, விசிலும் இல்லை. அதனால் உள்ளே போவது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் நாற்காலியில் இருந்த நோயாளி சிறுநீர் வருகிறது என்றார். அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வேலுச்சாமி அண்ணாச்சி. பஞ்சாயத்தில் அவர் சொல்லுக்குத்தான் எடை அதிகம் என்று செல்வி சொல்லியிருந்தாள். டீ கேட்டேன், கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. நான் இன்னார் அண்ணன், ஜப்பானில் இருக்கிறேன், ஒரு விஷயம் சொல்ல வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். ஜப்பான் என்றதும் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஆள் சேர்ந்தது.

எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தைச் சொன்னால் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதனால் தெரிந்ததைச் சொன்னேன். வெடி என்றால் இந்த ஊரோடு போகும், அம்பாசமுத்திரத்தில் எப்படி ஆடும்? தென்காசி பஸ்ஸில் பாதிப் பேர் தங்களுக்கும் ஆடியது என்கிறார்களே? அவர்கள் ஊரிலும் சுடலைமுத்துவா வெடி வைத்தார்? ஒருவர் யோசித்தார். ஆமா, ஆழ்வார்குறிச்சியில் என் சம்பந்தி வீட்டிலும் சொன்னார்கள் என்றார். இன்னொருவர் சத்தம் கேட்டதே என்றார். நிலம் ஆடும்போதும் உறுமல் கேட்கும், என் வீட்டில் நானே கேட்டிருக்கிறேன் என்றேன்.

வேலுச்சாமி அண்ணாச்சி பாலைத் தூக்கி ஆற்றிக்கொண்டே கேட்டார். "சரி, அப்படின்னா ரெண்டு தடவ ஏன் ஆடுச்சு?"

நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். ஒரு தடவை ஆடினால் பின்னாலேயே இன்னொன்றும் வரலாம், வராமலும் போகலாம், யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் எங்கள் பக்கம் ஆட்டம் நின்றாலும் விரிசல் விட்ட வீட்டுக்குள் யாரும் உடனே போக மாட்டார்கள், வெளியிலேயே நிற்பார்கள் என்று.

அண்ணாச்சி கை நின்றது. பெஞ்சில் ஒருவரும் பேசவில்லை. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அந்த அமைதியை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. டீக்குக் காசு நீட்டினேன், அண்ணாச்சி வேண்டாம் என்றார். "வெடி இல்லன்னு ஆயிட்டு. செரி" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் செல்வியிடம் வந்து கறிவேப்பிலை கேட்டாள். எங்கள் பக்கம் கறிவேப்பிலை கேட்டு வந்தால் சண்டை முடிந்தது என்று அர்த்தம். செல்விக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு கொத்துக்குப் பதில் கிளையையே ஒடித்துக் கொடுத்தாள். அவரைக் கூட்டிட்டு வந்துரு அண்ணே என்றாள். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறார், நீ நேரில் போனால் தட்ட மாட்டார் என்றாள்.

மூன்றாம் நாள் குற்றாலம். சீசன் இல்லாத குற்றாலத்தைப் பார்த்தவர்கள் மறுபடி சீசனுக்கு வரவே யோசிப்பார்கள். சிப்ஸ் கடைகளில் பாதி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. எண்ணெய் மசாஜ் போடும் ஒருவர் தன் காலிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அருவிக்குப் போகிற வழியில் கயிறு கட்டியிருந்தார்கள். அதிர்வுக்குப் பிறகு மேலேயிருந்து கல் உருளுகிறதாம், குளிக்கத் தடை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வெந்நீர் விழுந்ததாகச் சொன்ன பூக்காரியின் கொழுந்தனை நினைத்துக்கொண்டேன். விழுந்தது மெல்லிசாகக் கொஞ்சம் தண்ணீர், குளிப்பதற்கு ஒருவரும் இல்லை. என் பக்கத்தில் ஒரு குடும்பம் சோப்பு, துண்டு, மாற்றுத் துணியெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து கயிற்றைப் பார்த்தபடி நின்றது. அந்த அம்மா, வந்ததுக்குத் தலையிலாவது தெளிச்சுக்குவோம் என்று குழாயைத் தேடிப் போனார்.

சுடலைமுத்து தங்கியிருப்பதாகச் செல்வி சொன்ன லாட்ஜில் அவர் இல்லை. காவல்காரர், அந்த அண்ணாச்சி ராத்திரியெல்லாம் தூங்காமல் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார், அறைக்குள் படுக்கச் சொன்னால் மாட்டார், இப்போது கேரள எல்லையில் புளியறையில் ஒரு பரோட்டாக் கடையில் வேலைக்கு நிற்கிறார் என்றார். குவாரி மேஸ்திரிக்குப் பரோட்டாக் கடையில் என்ன வேலை என்று எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

செங்கோட்டை வரை ஷேர் ஆட்டோ. அதில் என் மடியில் ஒரு பலாப்பழமும் அதன் சொந்தக்காரரின் பாதி உடம்பும் வந்தன. அங்கிருந்து பேருந்து கிடைக்கவில்லை. காய்கறி ஏற்றிக்கொண்டு கொல்லத்துக்குப் போன ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். மலையாளி. இந்தப் பக்கம் கல்குவாரி நின்றதிலிருந்து தன் ஊரில் வீட்டு வேலையெல்லாம் நின்றுவிட்டது, தானும் அஸ்திவாரம் தோண்டிவிட்டுக் கல்லுக்குக் காத்திருக்கிறேன் என்று மலையாளத்தில் சொன்னார். எனக்குத் தூத்துக்குடி மலையாளம்தான் தெரியும், அதாவது தெரியாது. ஆனாலும் புரிந்தது. எங்கள் மலையை வெட்டித்தான் அங்கே வீடு எழும்புகிறது என்று நான் சொல்ல நினைத்தேன். ஏற்றிக்கொண்டு வந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? குழி தோண்டின வீட்டைப் பற்றி அவர் அத்தனை ஆசையாகப் பேசிக்கொண்டு வந்தார்.

புளியறையில் சோதனைச் சாவடிக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. பரோட்டாக் கடையில் வெளியே கல்லில் மாவு புரள, பின்பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து சுடலைமுத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மச்சான், எப்ப வந்திய?" என்று கேட்டார். முதலில் பரோட்டாவும் சால்னாவும் வரவழைத்து நான் சாப்பிடும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். பரோட்டா நன்றாகத்தான் இருந்தது. நான் ஒரே மூச்சில் நல்ல செய்தியைச் சொன்னேன். ஊர் மனம் மாறிவிட்டது, வெடி இல்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், கறிவேப்பிலை வரை வந்துவிட்டது, கிளம்புங்கள் மாப்பிள்ளை என்று.

அவர் முகம் தெளியவில்லை. "என்ன சொல்லி ஒத்துக்கிட வச்சிய?" என்று கேட்டார்.

டீக்கடையில் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னேன். இரண்டாவது ஆட்டம் வரலாம், அதனால் உடனே உள்ளே போகக்கூடாது என்று சொன்ன இடத்துக்கு வந்தபோது, அவர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. விரலில் சால்னா காய, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"அதச் சொல்லாம இருந்திருக்கலாம் மச்சான்" என்றார். குரலில் கோபம் இல்லை. "வெடின்னா மொதலாளி மேல பழி. நான் விசில் அடிச்சதுல தப்பில்ல. வெடி முடிஞ்சா அடிக்க வேண்டியதுதான? நெலம் ஆடுச்சுன்னா, முடிஞ்சிட்டுன்னு சொல்ல நான் யாரு?"

அன்றைக்கு அவர் வெடி வைக்கவில்லை. தனக்குத் தெரியாமல் ஆட்கள் அவசரப்பட்டு வைத்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் டீக்கடையிலிருந்து ஓடியிருக்கிறார். தெருவில் பார்த்தால் ஊரே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள் அழுகின்றன. சட்டைப்பையில் விசில். "என்ன ஏதுன்னு ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாம். ஊரு நடுங்கி நிக்கி, நான் அடிச்சா நடுக்கம் நிக்கும்னு தோணிச்சு. அடிச்சிட்டேன்" என்றார். அப்புறம் குவாரிக்கு ஓடிப் பார்த்தபோதுதான் ஒரு குழியும் வெடிக்கவில்லை என்று தெரிந்திருக்கிறது. திரும்பி ஓடி வருவதற்குள் இரண்டாவது ஆட்டம்.

அவர் ஊரைவிட்டுப் போனது பழிக்குப் பயந்து இல்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது. வெடி என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தவரை அவரால் அங்கே இருந்திருக்க முடியும். இருக்க மனம் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் தைரியம் வரவில்லை. ஒரு மாதமாக அவர் சுமந்ததை நான் ஒரு டீயோடு டீக்கடையில் அவிழ்த்துக் கொட்டிவிட்டேன். நல்லது செய்ய வந்தவனின் லட்சணம் இது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. நான் வேண்டுமானால் திரும்பப் போய் மாற்றிச் சொல்கிறேன் என்று உளறினேன். அவர் மிச்சமிருந்த வெங்காயத்தையும் உரித்து முடித்துக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டு சட்டையை மாட்டினார்.

"இனி ஒளிய ஒண்ணுமில்ல. வாங்க, போவோம்" என்றார்.

திரும்பி வரும் பேருந்தில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் தார்ப்பாயை இறக்கிவிட்டதால் வெளியே எந்த ஊர் போகிறது என்றும் தெரியவில்லை. முன்சீட்டில் இரண்டு பேர், நேற்று சிவகிரிப் பக்கம் மறுபடி ஆடியதாமே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பொய் என்றான். மற்றவன் தன் மச்சினன் அனுப்பிய வாட்ஸப்பைக் காட்டினான். சுடலைமுத்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கவில்லை.

ஊரில் இறங்கியதும் வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். நேரே அடுத்த தெருவுக்குத் திரும்பினார். விளக்கு வைக்கிற நேரம். வாசல்களில் நின்றவர்கள் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. வேலுச்சாமி அண்ணாச்சி கடையைவிட்டு இறங்கி, கொஞ்ச தூரம் எங்களோடு நடந்து வந்து, பிறகு நின்றுவிட்டார்.

பேச்சியம்மாள் வீட்டில் பரணைக் காலி செய்திருந்தார்கள். பித்தளைப் பானையெல்லாம் தரையில் ஒரு மூலையில் அடுக்கியிருந்தது. அவள் பாயில் சுவரோரம் சாய்ந்திருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். அவள் தாய் எங்களைக் கண்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சுடலைமுத்து நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க சித்தப்பா" என்றாள் பேச்சியம்மாள். ஊர் முறையில் அவளுக்கு அவர் சித்தப்பா.

அவர் வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். "இவியதான் ஜப்பான்ல இருந்து வந்தவியளா? நெலம்தான் ஆடிச்சுன்னு சொன்னாவளாம். நெசமா சித்தப்பா? நீங்க வெடி வைக்கலையா?"

"வைக்கல தாயி."

"அந்த ஆளுவளும் வைக்கலையா?"

"ஒரு குழியும் வெடிக்கல. நான்தான் தெரியாம விசில் அடிச்சிட்டேன்." அதைச் சொல்வதற்குள் அவருக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. "என்னைய என்ன வேணும்னாலும் சொல்லு தாயி."

அவள் திட்டுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். மண்ணை வாரித் தூற்றினாலும் நின்று வாங்கிக்கொள்ள அவர் தயாராகத்தான் இருந்தார், அதற்காகத்தான் வந்திருந்தார். ஏதாவது பேசி இடையில் புகலாமா என்று நான் வார்த்தை தேடினேன். யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, இங்கே யாருக்கும் இது பழக்கமில்லை, எங்கள் ஊரிலேயே பெரிய பெரிய ஆட்கள் தப்புச் செய்கிறார்கள் என்றெல்லாம் தொண்டை வரை வந்தது.

பேச்சியம்மாள் பாயின் ஓரத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா என் கையப் பிடிச்சா சித்தப்பா" என்றாள். "ஏட்டி, உள்ள போவாத, எனக்கு என்னமோ மாரியா வருது, செத்த நேரம் நில்லுன்னா. நான்தான் கைய உதறுனேன். சித்தப்பா விசில் அடிச்சாச்சு, பொறவு என்னன்னு சொல்லிட்டுப் போனேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அடுப்படியிலிருந்து அவள் தாய் அழுகிற சத்தம் கேட்டது. சுடலைமுத்து அந்த நிலைப்படிக்கு வெளியிலேயே, மழையில் நனைந்த தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருங்கள் மாப்பிள்ளை என்று தோளைத் தொட்டேன். எழுந்திருக்கவில்லை. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.